மொபைல்ல விளம்பரம் போட்டா கருவாடு விக்குமா, இல்ல ரீச் மட்டும்தான் ஏறுமா?

மண்டபம் கருவாடு
29 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

போன்ல விளம்பரம் போட்டா யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும்னு சொல்றதெல்லாம் சும்மா. மண்டபத்துல கடை. நெத்திலி, வாளை, திருக்கை. பேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுலயும் சேர்த்து ஒரு நாளைக்கு 300 ரூபா, கடைய நடுவுல வச்சு 30 கிலோமீட்டர் வட்டம், பதிவை பூஸ்ட் பண்ணி, அதாவது காசு கட்டி நிறையப் பேருக்குக் காட்டச் சொல்லி விட்டது. ரீச் ஏறுது, லைக் வருது. வாட்ஸ்அப்புக்கு வர்றதுல முக்கால்வாசி வெறும் 'ஹாய்'. என்ன வேணும்னு திருப்பிக் கேட்டா ஆளக் காணோம். இதே காசுக்கு ஆட்டோவுல மைக் கட்டி உச்சிப்புளி வரைக்கும் ஒரு சுத்து விட்டா நாலு பேராவது கடை வாசல்ல வந்து நிப்பாங்க. இந்தத் தொழில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கன்
29 ஆகஸ்ட், இரவு 10.25

தம்பி, முதல்ல மேப்பைத் திறந்து அந்த வட்டத்தைப் பாருங்க. மண்டபம் குச்சி மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. 30 கி.மீ. ஆரம்னா வட்டத்தின் பரப்பு 2,800 சதுர கி.மீ. சொச்சம். அதுல பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல தண்ணி. மிச்சம் பாம்பன், ராமேஸ்வரம் தீவு, உச்சிப்புளி பக்கம் கொஞ்சம். உங்களுக்கு வேண்டிய ராமநாதபுரம் டவுன் வட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் வெளிய நிக்குது.

மண்டபம் கருவாடு
29 ஆகஸ்ட், இரவு 10.31

அப்ப 300 ரூபாயில 240 ரூபாயக் கடல்ல கரைச்சிருக்கேனா அண்ணே?

கணக்கன்
30 ஆகஸ்ட், காலை 7.05

இல்ல. நான் சொன்ன விதம் தப்பு. கடலுக்கு யாரும் பில் போட மாட்டாங்க. ஒரு திரையில விளம்பரம் வந்தாத்தான் கணக்கு ஏறும், மீனுக்குப் போன் கிடையாது. காசு முழுக்க நிலத்துல இருக்கிறவங்களுக்குத்தான் போகுது. சிக்கல் வேற: ஆளு கம்மி. அதனால அதே ஆளுக்கே திரும்பத் திரும்பப் போகுது.

ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். ஆயிரம் தடவை காட்ட 40 ரூபா, அதாவது சிபிஎம் 40. 300 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 7,500 தடவை, மாசத்துக்கு 2,25,000. வட்டத்துக்குள்ள கணக்கு வச்சிருக்கிறவங்க 30,000 பேருன்னா தலைக்கு ஏழரைத் தடவை. அதே நெத்திலிப் படம் ஏழு தடவை வந்தா எட்டாவது தடவை விரல் தானா மேல தள்ளிவிடும். பேஸ்புக்கோட விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜர்ல, ஒரு ஆளு எத்தனை தடவை பார்த்தார்னு காட்டுற 'ஃப்ரீக்வென்சி'ன்னு ஒரு பத்தி இருக்கு. பூஸ்ட் பட்டன் வழியாப் போறவங்க அதத் திறந்து பாக்கிறதே இல்ல. வாரத்துக்கு 3-ஐத் தாண்டிச்சுன்னா படத்தை மாத்தணும், இல்ல இடத்தை விரிக்கணும். அந்த 3 என் வழக்கம், சட்டம் இல்ல.

சன்னதித் தெரு
30 ஆகஸ்ட், காலை 11.50

வட்டத்துக்குள்ள இருக்கிற ஆளு யாருன்னும் பாக்கணும்ல. ராமேஸ்வரத்துல பாதிப் பேரு வெளியூரு. அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு, 22 தீர்த்தத்துக்கு வரிசைக்கு ஓடுறதுக்கு முன்னாடி ஈரக் கையோட போனை எடுத்தா, திரை பூரா நெத்திலி கருவாடு. அவரு காசியிலேருந்து வந்தவரு. 'ஹாய்' கூட வராது, 'இந்த விளம்பரத்தை மறை'தான் வரும். மறைக்கிறவங்க கூடக்கூட உங்க விளம்பரத்தோட தரம் குறைஞ்சதாக் கணக்காகி, காட்டுற விலை ஏறும்.

முன்னாடி மெட்டாவுல (பேஸ்புக், இன்ஸ்டா கம்பெனி) 'இங்க குடியிருக்கிறவங்க', 'வழிப்பயணியா வந்தவங்க'ன்னு தனித்தனியாப் பிரிச்சு எடுக்கலாம். 2023-லேருந்து அது இல்ல. குடியிருக்கிறவங்களும் சமீபத்துல வந்து போனவங்களும் ஒரே கூடையில. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல திறந்ததிலேருந்து ரயில் நேரா தீவுக்கே வருது. அந்த ரயில் 2022 டிசம்பர்ல நின்னு போயிருந்தது. அதனால வெளியூர்க் கூட்டம் இன்னும் கூடத்தான் செய்யும். லாட்ஜுக்கு அது லாபம், கருவாட்டுக்கு இல்ல.

கணக்கன்
30 ஆகஸ்ட், மதியம் 2.15

சன்னதித் தெரு சொன்னதோட சேர்த்து, மாத்த வேண்டியது இது.

பூஸ்டை நிறுத்திட்டு ஆட்ஸ் மேனேஜருக்குப் போங்க. நோக்கம் கேக்கிற இடத்துல 'எங்கேஜ்மென்ட்'ட எடுத்து, அதுக்குள்ள 'மெசேஜ்', இலக்கு 'உரையாடல் எண்ணிக்கை'. லைக் கேட்டீங்கன்னா லைக் போடுறதே வேலையா இருக்கிறவனைத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து விடும். நீங்க எதைக் கேக்குறீங்களோ அதைச் செய்யிற ஆளைத்தான் அந்த நிரல் தேடும். உங்க ரீச்சும் லைக்கும் நல்லா இருந்ததுக்குக் காரணம் அதான். அது கெட்டிக்கார வேலைக்காரன்; சொன்னதைச் செஞ்சான்.

இடத்துக்கு ஒரே பெரிய வட்டம் வேண்டாம். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, முதுகுளத்தூருன்னு ஊருக்கு ஒரு ஊசி குத்தி, ஒவ்வொண்ணுக்கும் சின்ன வட்டம். ராமேஸ்வரத்தை விலக்குப் பட்டியல்ல போடுங்க. ஆனா எல்லா ஊரும் ஒரே செட்டுக்குள்ள, அதாவது ஒரே பட்ஜெட்ல ஓடுற ஒரே விளம்பரத் தொகுப்புக்குள்ள இருக்கணும். ஊருக்கு ஒரு செட்டுன்னு பிரிச்சா பட்ஜெட் எழுபத்தஞ்சு எழுபத்தஞ்சாச் சிதறிடும். ஒரு செட்டுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 50 உரையாடல் கிடைச்சாத்தான் அது பழகும் கட்டத்தை, அதாவது யாருக்குக் காட்டணும்னு நிரல் கத்துக்கிற காலத்தைத் தாண்டும். 300 ரூபா ஏழு நாளைக்கு 2,100. ஐம்பதால வகுத்தா 42. ஒரு உரையாடல் 42 ரூபாய்க்குள்ள விழுந்தாத் தாண்டலாம். நாலாப் பிரிச்சா எதுவுமே தாண்டாது. இடையில பட்ஜெட்டையோ படத்தையோ பெருசா மாத்தினாலும் பழகுறது முதல்லேருந்து தொடங்கும். தினம் காலையில எழுந்து அதை நோண்டுற பழக்கத்தை விடணும்.

ராமேஸ்வரத்துல ஊசி குத்துற லாட்ஜ்காரங்களுக்கு ஒரு வார்த்தை: வட்டத்தை 60 கி.மீ.க்கு விரிச்சா தலைமன்னார் உள்ள வரும். இலங்கையை விலக்குல போட்டு வைங்க. தனுஷ்கோடி முனையில போனே சில நேரம் அந்தக் கரை சிக்னலைப் பிடிக்குது, விளம்பரத்தைச் சொல்லி என்ன.

தொதல் காக்கா
31 ஆகஸ்ட், இரவு 8.10

'ஹாய்' பத்தி யாரும் பேசலையே. அந்த ஆளு 'ஹாய்' போடலப்பா, பட்டனைத் தொட்டாலே பெட்டியில எழுதி வச்ச வார்த்தை தானா நிக்கும், அம்பை அமுக்கினாப் போயிடும். பாதிப் பேருக்குத் தான் அனுப்பினதே தெரியாது.

விளம்பரம் கட்டுற பக்கத்துலயே மெசேஜ் டெம்ப்ளேட் இருக்கு. அங்க 'ஹாய்'ய எடுத்துட்டு மூணு கேள்வி வைங்க: 'நெத்திலி அரைக் கிலோ என்ன விலை?', 'பரமக்குடிக்கு அனுப்புவீங்களா?', 'கடை எங்க இருக்கு?' வர்றவன் பெரும்பாலும் அதுல ஒண்ணைத் தொட்டுத்தான் அனுப்புவான். எண்ணிக்கை குறையும், அத நினைச்சு விசனப்படாதீங்க. குறையிறது பூரா அந்த வெறும் 'ஹாய்'தான்.

அப்புறம், பதில் எத்தனை நிமிஷத்துல போகுது? மத்தியானம் ரெண்டு மணிக்குக் கேட்டவனுக்கு ராத்திரி ஒம்பதுக்குப் பதில் போட்டா அவன் சாப்பிட்டுக் கை கழுவிட்டான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசந்தான். விலைப்பட்டியல கேட்டலாக்ல ஏத்தி வச்சு, 'விரைவுப் பதில்'ல நாலு வாக்கியம் தட்டி வச்சா ஒரு நிமிஷ வேலை. ஆளில்லாத நேரத்துல விளம்பரத்தை நிறுத்தி வைக்கலாம், அட்டவணை வசதி இருக்கு.

மண்டபம் கருவாடு
31 ஆகஸ்ட், இரவு 8.44

காக்கா, பழைய கஸ்டமர் 400 நம்பர் இருக்கு. எல்லாருக்கும் ஒரே தடவையில தட்டி விட ஏதோ சாஃப்ட்வேர் இருக்காமே?

தொதல் காக்கா
31 ஆகஸ்ட், இரவு 9.02

அதத் தொட்டுறாதீங்க. அந்தக் கள்ள மென்பொருள்ல போனா நம்பரே முடங்கும். பத்து வருஷமா கடைப் பலகையில எழுதி வச்ச நம்பரு போனாப் போனதுதான். ஆப்லயே பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கு, ஒண்ணுக்கு 256 பேரு. உங்க 400-க்கு ரெண்டு பட்டியல். ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருந்தாத்தான் போய்ச் சேரும். அதனால பொட்டலத்துக்குள்ள ஒரு சீட்டு: 'இந்த நம்பரைச் சேமிச்சு வைங்க, புது வரத்து வந்தாச் சொல்றோம்.' கீழக்கரையில பாதி வீட்டு ஆம்பள துபாயிலயும் சிங்கப்பூர்லயும். அங்க விளம்பரம் காட்ட இங்கத்தை விடப் பல மடங்கு விலை. வீட்டுல ராத்தா ஸ்டேட்டஸ் வச்சா சும்மாவே போய்ச் சேருது. நான் விக்கிற தொதல் இனிப்புக்கு வர்ற வெளிநாட்டு ஆர்டர் அந்த வழிதான்.

பாம்பன் வாடை
1 செப்டம்பர், மாலை 6.30

வீடியோ பத்தி. போன் நம்பரை எங்க போட்டிருக்கீங்க? அடியில பட்டையாப் போட்டிருந்தா ரீல்ஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. 1080-க்கு 1920 அளவுப் படத்துல கீழ 35 சதவீதம், கிட்டத்தட்ட 670 பிக்சல், பேரு, தலைப்பு, பட்டன் எல்லாம் வந்து மூடிக்கும். மேல 14 சதவீதம், 270 பிக்சல் சொச்சம், அதுவும் போச்சு. ஓரம் ரெண்டு பக்கமும் 6 சதவீதம். நடுவுல மிஞ்சுறது ஏறக்குறைய 980 பிக்சல் உயரம். நம்பர், விலை, ஊர்ப்பேரு மூணும் அதுக்குள்ளதான் இருக்கணும். அச்சு பேனருக்குப் பண்ணின டிசைனை அப்படியே தூக்கிப் போடுறவங்க எல்லாரும் மாட்டுற இடம் இது.

கருவாட்டை மணல்ல, வெள்ளைத் துணியில வச்சு உச்சி வெயில்ல எடுக்காதீங்க. நெத்திலி வெள்ளி நிறம், எல்லாம் வெளிறிப் போகும். பனை ஓலைப் பெட்டியில அள்ளிப் போட்டு, காலை 7 மணி வெயில்ல, பக்கவாட்டுல இருந்து எடுங்க. முதல் ரெண்டு நொடிக்குள்ள கை கருவாட்டை அள்ளணும். கடைப் பலகை, சாமி படம், குத்துவிளக்கு எல்லாம் அப்புறம். பாதிப் பேரு சத்தத்தை அடைச்சு வச்சுத்தான் பாக்கிறாங்க, அதனால பேசுறது எழுத்தாவும் ஓடணும். சத்தம் வேணும்னா காலர் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்க. இந்தக் காத்துல வெறும் மைக் வச்சா 'கர்ர்ர்'னு பாலத்துல லாரி போற மாதிரிதான் கேக்கும்.

கணக்கன்
2 செப்டம்பர், இரவு 10.00

மொழித் தேர்வு பத்திக் கேட்டு ரெண்டு பேரு தனியா எழுதியிருந்தாங்க. 'தமிழ்'னு குறிக்காதீங்க. அது பேசுற மொழியைப் பாக்கிறது இல்ல, பெரும்பாலும் போனும் ஆப்பும் எந்த மொழியில அமைச்சிருக்குன்னு பாக்குது. நம்ம ஊர்ல தமிழ்ல மட்டுமே பேசுறவர் போன்லயும் மெனு இங்கிலீஷ்லதான் இருக்கும். தமிழைத் தேர்ந்தா அவரெல்லாம் வெளிய போயிடுவார். விளம்பரத்துல எழுதுறது தமிழ், தேர்வுப் பெட்டி காலி.

கூகுள் தேடல்லயும் அதே கதை. ரூம் தேடுறவங்க இங்கிலீஷ் எழுத்துல தட்டுறாங்க, இந்தியில தட்டுறாங்க, 'ராமேஸ்வரம் ரூம்'னு தமிழ்லயும் தட்டுறாங்க. மூணுக்கும் தனித்தனியாச் சொல் போடணும்.

சன்னதித் தெரு
3 செப்டம்பர், காலை 9.20

கூகுள்ல இட அமைப்புல ரெண்டு உண்டு: ஒண்ணு, அந்த இடத்துல இருக்கிறவங்க மட்டும்; ரெண்டு, இருக்கிறவங்களோட அந்த இடத்துல ஆர்வம் காட்டுறவங்களும் சேர்த்து. தானா நிக்கிறது ரெண்டாவது. லாட்ஜுக்கு அப்படியே விடலாம், இந்தூர்ல உக்காந்து ராமேஸ்வரம் ரூம் தேடுறவர்தான் நமக்கு வேணும். கருவாட்டுக் கடைக்கு முதலாவது.

அழைப்பு விளம்பரத்துல இன்னொண்ணு. 60 நொடிக்கு மேல பேசினாத்தான் பலன்னு கணக்கு வைக்கிறது தானா இருக்கிற அமைப்பு. 'ரூம் இருக்கா?' 'இல்லைங்க' 12 நொடியில முடியும். பலன்ல வராது, காசு மட்டும் போகும். அமாவாசைக்கு முந்தின நாள் ரூம் நிறைஞ்ச பின்னாடியும் விளம்பரம் ஓடிக்கிட்டிருந்தா 'இல்லைங்க' சொல்றதுக்குக் காசு கட்டுறோம்னு அர்த்தம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைக்கு நிறுத்துற தேதியை முன்கூட்டியே போட்டு வைங்க. காசு கட்டாத வழி ஒண்ணு உண்டு: மேப்புல கடைப் பக்கம். திறக்கிற நேரம், புதுப் படம், சரியான வகை, வர்ற கருத்துக்குப் பதில். அது சரியில்லாம விளம்பரத்துக்குக் காசு கட்டுறது ஓட்டைப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி.

தொதல் காக்கா
3 செப்டம்பர், இரவு 8.55

எஸ்.எம்.எஸ். செத்துப் போச்சா? ரம்ஜானுக்கு அதுல ஒரு காலத்துல நல்லா ஓடுச்சு.

கணக்கன்
3 செப்டம்பர், இரவு 11.10

சாகல, கட்டிப் போட்டிருக்காங்க. 2011 செப்டம்பர் 27-ல டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.னு கயிறு போட்டுச்சு, கொஞ்ச நாள்ல 200 ஆக்கினாங்க. 2018 விதிமுறைக்குப் பிறகு வணிகச் செய்தி அனுப்பணும்னா டி.எல்.டி.ங்கிற போன் கம்பெனிகளோட பதிவேட்டுல பதிவு, அனுப்புநர் பேரு, வாசக வடிவம் எல்லாம் முன்கூட்டியே பதிஞ்சிருக்கணும். 2024 அக்டோபர்லேருந்து உள்ள போடுற இணைப்பும் பதிஞ்சதா இருக்கணும். சாதாரணப் பத்து இலக்க நம்பர்லேருந்து விளம்பரம் அனுப்பிப் புகாரானா இணைப்பே போகும்.

இதுக்கு மேல தமிழுக்குன்னு ஒரு தண்டம் இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து. தமிழ்ல 70. நீண்டா ஒவ்வொரு துண்டுக்கும் 67. துண்டுக்குத் துண்டு காசு.

பாம்பன் வாடை
4 செப்டம்பர், காலை 7.40

70 எழுத்துன்னா தாராளம். ஒரு விளம்பரத்துக்கு அதுவே போதுமே.

கணக்கன்
4 செப்டம்பர், காலை 8.15

அக்கா, எழுத்துன்னு நான் எழுதினதுதான் பிசகு. 70 எழுத்து இல்ல, 70 குறி. புள்ளி தனிக் குறி, கால் தனிக் குறி, கொம்பு தனிக் குறி. 'இராமேஸ்வரம்' நமக்கு ஏழு எழுத்து. எஸ்.எம்.எஸ்.க்கு 11: இ, ர, கால், ம, இரட்டைக் கொம்பு, ஸ, புள்ளி, வ, ர, ம, புள்ளி. 'ஸ்ரீ' கண்ணுக்கு ஒண்ணு, கணக்குக்கு நாலு. மெய்யெழுத்து மிகுந்த வாக்கியம் எழுதினாப் புள்ளிக்கே காசு கட்டணும். தொல்காப்பியர் காலத்துல இந்தக் கம்பெனிகள் இல்லாததுதான் நல்லது.

வாட்ஸ்அப் இணைப்புக்கும் இதே தொல்லை. பொட்டலத்துல க்யூஆர் ஒட்டி, ஸ்கேன் பண்ணினா 'கருவாடு வேணும்'னு பெட்டியில நிக்கிற மாதிரி இணைப்புச் செய்யலாம். ஆனா இணைப்புக்குள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தா விரியும். 'கருவாடு' 7, 'வேணும்' 6, ஆக 13 குறி, 117 எழுத்து, இடைவெளிக்கு 3, மொத்தம் 120. க்யூஆர்ல கட்டம் பொடிப் பொடியாகி, ரெண்டு சென்டிமீட்டர் ஸ்டிக்கர்ல எண்ணெய்க் கை பட்டா ஸ்கேன் ஆகாது. இங்கிலீஷ் எழுத்துல ஒரே சொல், அவ்வளவுதான்.

பழைய கதைக்கு வந்தா: இந்தக் கரையில போன் விளம்பரம் பெருத்தது 2016 செப்டம்பர் 5-ல ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்சதுக்கு அப்புறந்தான். 2020 ஜூன்ல டிக்டாக்கைத் தடை பண்ணினாங்க, அடுத்த மாசமே ரீல்ஸ் இங்க வந்தது. குட்டி வீடியோவுக்குப் பழகின கண்ணு அப்படியே இடம் மாறிச்சு. ஆளு எங்க பார்க்கிறான்கிறது மாறிக்கிட்டே இருக்கும். 300 ரூபாயோட ஒரு கருவாட்டுக் கடைக்காரர் அந்தத் திரைக்குள்ள நுழைய முடியுதுங்கிறதுதான் புதுசு. டிவியில அது நடக்காது.

மண்டபம் கருவாடு
6 செப்டம்பர், இரவு 9.15

சரி, எல்லாம் மாத்தியாச்சு. ஒரு உரையாடல் எத்தன ரூபாய்க்குள்ள வந்தா லாபம்?

கணக்கன்
6 செப்டம்பர், இரவு 10.40

உங்க எண்ணைப் போட்டுக்குங்க, வழி இதான். ஒரு ஆர்டர்ல சரக்கு, பாக்கெட், கூரியர் போக 120 ரூபா நிக்குதுன்னு வைங்க. எட்டுப் பேரு பேசினா ஒருத்தர் வாங்குறார். 120-ஐ எட்டால வகுத்தா 15. ஆனா டேஷ்போர்டுல காட்டுற விலையில ஜிஎஸ்டி இல்ல. 18 சதவீதம் மேல விழும். உங்க 300 உண்மையில 354. அதனால 15-ஐ 1.18-ஆல வகுக்கணும்: 12 ரூபா 70 காசு. அதுக்கு மேல போனா நட்டம்.

தொதல் காக்கா
7 செப்டம்பர், காலை 10.05

அது ஒரு தடவை வாங்கிட்டு ஓடுறவனுக்கு. நல்ல நெத்திலி கிடைச்சவன் வருஷத்துல நாலு தடவை வாங்குவான். நாலு நூத்திருபது 480. அதை எட்டால வகுத்து வரியையும் கழிச்சா ஒரு பேச்சுக்கு 50 ரூபா வரைக்கும் தாங்கும். சரக்குல உப்பை அள்ளிப் போட்டு எடை ஏத்துறவனுக்கு 12 ரூபாயும் நட்டம்தான்.

கணக்கன்
7 செப்டம்பர், காலை 10.30

காக்கா சொல்றது சரி, நான் ஒத்தை ஆர்டரோட நின்னுட்டேன். ஆனா நாலு தடவை வருவான்னு முன்கூட்டியே நம்பி 50 ரூபா செலவழிக்க வேண்டாம். மூணு மாசம் நோட்டுல பார்த்துட்டு ஏத்துங்க.

பாம்பன் வாடை
8 செப்டம்பர், மாலை 5.00

ஆட்ஸ் மேனேஜர்ல 'ப்ளேஸ்மென்ட்'னு ஒரு பிரிவு இருக்கு, விளம்பரம் எந்தெந்த ஆப்ல ஓடணும்னு கேக்கும். தானா விட்டா பேஸ்புக், இன்ஸ்டா தாண்டி வேற வேற ஆப்லயும் ஓடும். கேம் ஆப்ல வர்ற தொடுதல்ல பாதி விரல் வழுக்கினது. போன் குழந்தை கையில. மத்த தளம், ஆப்ல எல்லாம் படமா ஓடுற கூகுள் டிஸ்ப்ளே விளம்பரத்துக்கும் இதே: ஆப் வகைகளை விலக்குல போடுங்க. க்ளிக் நிறைய, பேச்சு ஒண்ணுமில்லன்னா முதல்ல பாக்க வேண்டியது இந்தப் பக்கம். இணையப் பக்கம் வச்சிருக்கிறவங்க படத்தைச் சுருக்குங்க. போன்ல எடுத்த 4 எம்பி படம் 2 எம்பிபிஎஸ் சிக்னல்ல 16 நொடி. 1080 அகலத்துக்கு 150 கேபி ஆக்கினா ஒரு நொடி கூட ஆகாது.

சங்குக் கடைக்காரங்க யாராவது இதைப் படிச்சா: படத்துல அழகுக்குன்னு கண்ட சங்கையும் சேர்த்து அடுக்காதீங்க. 2001-ல கடல் அட்டையோட சில சங்கு, சிப்பி வகைகளும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணைக்குள்ள வந்துடுச்சு. விளம்பரம் நிராகரிப்பு ஆகிறது சின்ன விஷயம், வழக்கு பெருசு.

மண்டபம் கருவாடு
10 செப்டம்பர், இரவு 9.30

இப்ப கேள்வி கேட்டு வர்றவங்க கூடியிருக்காங்க. ஆனா விளம்பரம் இல்லாமலே வந்திருப்பாங்களான்னு எப்படித் தெரியும்? போன வாரம் நாளைக்கு 9 பேரு, இந்த வாரம் 12. இது விளம்பரத்தாலயா?

கணக்கன்
10 செப்டம்பர், இரவு 11.20

இந்த இழையிலயே சரியான கேள்வி இதான். சராசரி 9-ன்னா, ஒண்ணுமே மாறாம இருந்தாலும் 6-க்கும் 12-க்கும் நடுவுல ஆடும். வர்க்கமூலம் 3, அதான் ஆட்டத்தோட அளவு. ஒரு நாள் 12-ஐ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஒரு வாரச் சராசரியும் பத்தாது. 14 நாள் சேர்த்து எண்ணுங்க: 126. அதோட ஆட்டம் 11. விளம்பரம் இல்லாத 14 நாளோட ஒப்பிட்டா ரெண்டோட ஆட்டமும் சேர்ந்து 16 (126-ம் 126-ம் 252, அதோட வர்க்கமூலம்). வித்தியாசம் அதுல ரெண்டு மடங்கு, 32-ஐத் தாண்டினாத்தான் நம்பலாம். அடுத்த ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்க.

சன்னதித் தெரு
11 செப்டம்பர், காலை 8.50

அடுத்த ரெண்டு வாரமா? 17-ஆம் தேதி புரட்டாசி பொறக்குது, 21 மகாளய அமாவாசை. பாதி ஊரு கவுச்சியே தொடாது. கருவாடு விக்காததுக்கு விளம்பரம் நின்னதுதான் காரணம்னு முடிவு கட்டிடுவார் தம்பி.

மண்டபம் கருவாடு
11 செப்டம்பர், காலை 9.10

புரட்டாசி முடிஞ்சா அக்டோபர் 20 தீபாவளி. அப்புறம் அடைமழை, கருவாடே காயாது. கார்த்திகையில மாலை போட்டுருவாங்க. தை, மாசி ஒழிஞ்சா ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் மீன்பிடித் தடை. எனக்குச் சோதனை பண்ண நாளே கிடையாதா?

கணக்கன்
11 செப்டம்பர், இரவு 10.15

முன்ன பின்னன்னு ஒப்பிட்டாத்தான் நாள் வேணும். ஒரே நேரத்துல ரெண்டு இடத்தை ஒப்பிட்டா மழையும் தீபாவளியும் ரெண்டுக்கும் பொது. நேத்து நான் சொன்ன யோசனையை விட்டுடுங்க. இடம் அ: ராமநாதபுரம், கீழக்கரை. இடம் ஆ: பரமக்குடி, முதுகுளத்தூர். ரெண்டு வாரம் அ-வுல மட்டும் ஓட்டுங்க, அடுத்த ரெண்டு வாரம் ஆ-வுல மட்டும். நாலு எண்ணு கிடைக்கும். உதாரணமா அ ஓடினப்ப 140, ஓடாதப்ப 118. ஆ ஓடினப்ப 95, ஓடாதப்ப 90. கூடினது 22-ம் 5-ம், 27. நாலு எண்ணோட கூட்டல் 443, வர்க்கமூலம் 21. அதுல ரெண்டு மடங்கு, 42-ஐத் தாண்டலன்னா பலன் இன்னும் நிரூபணம் ஆகலன்னுதான் அர்த்தம். பலனே இல்லன்னு அர்த்தம் இல்ல, இன்னும் நாலு வாரம் ஓட்டணும்.

தொதல் காக்கா
12 செப்டம்பர், காலை 6.50

கீழக்கரைக்கு ஏதுப்பா புரட்டாசி? இங்க எல்லா மாசமும் கறி, மீன்தான். முதுகுளத்தூர்ல புரட்டாசி உண்டு. முதல் ரெண்டு வாரம் ஆவணி, அடுத்த ரெண்டு வாரம் புரட்டாசின்னு விழுந்தா ரெண்டு இடமும் ஒரே மாதிரி இறங்காது. 'பொது'ன்னு நீங்க சொன்னது அங்க உடையுது.

கணக்கன்
12 செப்டம்பர், காலை 7.30

அடிச்சீங்க காக்கா. அப்ப ரெண்டு ரெண்டு வாரமா வேண்டாம். முதல் வாரம் அ, அடுத்து ஆ, மறுபடி ஆ, கடைசி வாரம் அ. அ-ஆ-ஆ-அ. படிப்படியா ஏறுறது இறங்குறது எதுவா இருந்தாலும் முன்னும் பின்னுமாப் பங்கு போட்டுச் சமமாகிடும். முடிஞ்சவரைக்கும் நாலு வாரமும் ஒரே மாசப் பக்கத்துல விழட்டும். இடம் மாறுற வாரத்துல முதல் ரெண்டு நாளை எண்ண வேண்டாம், போன வாரம் பார்த்தவங்க அப்பத்தான் பேசுவாங்க. தேதி: அக்டோபர் 27 திங்கள் தொடக்கம். கடைசி வாரம் மட்டும் கார்த்திகையில விழும், அதை நோட்டுல தனியாக் குறிச்சு வைங்க.

மண்டபம் கருவாடு
12 செப்டம்பர், இரவு 9.05

மழைக்கு முன்னாடி சரக்கைக் காய வச்சு அடுக்கி வச்சுக்கிறேன். நோட்டுல கட்டம் போட்டாச்சு: தேதி, ஊரு, பின்கோடு, போனா கடையா, எத்தன கிலோ. பரமக்குடி 623707, ராம்நாடு 623501, கீழக்கரை 623517. கடைக்கு நேர்ல வர்றவங்ககிட்டயும் ஊரு கேக்கணும்தானே?

கணக்கன்
12 செப்டம்பர், இரவு 9.20

கண்டிப்பா. விளம்பரத்தைப் பார்த்துட்டுப் பஸ் ஏறி வர்றவர் வாட்ஸ்அப்புல தெரிய மாட்டார். இன்னொரு கட்டம் சேருங்க: பழைய ஆளா, புது ஆளா.

தொதல் காக்கா
12 செப்டம்பர், இரவு 9.41

அந்த ஆட்டோ மைக்கை மட்டும் அந்த நாலு வாரமும் வெளிய எடுத்துறாதீங்க.